தேடுங்கள், சொல்கிறேன்: அம்மாவின் தங்கை எங்கே?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 76. அவருக்கு ஒரு தங்கை பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே தத்துக் கொடுத்துவிட்டார்களாம். இத்தனை வருஷம் மூடி வைத்திருந்ததைப் போன மாதம்தான் சொன்னார். இப்போதைய பெயரும் தெரியாது, யாருக்குக் கொடுத்தார்கள் என்றும் தெரியாது. நான் டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொண்டால் சித்தி கிடைப்பாரா? – பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: நீங்கள் வேண்டாம், அம்மா செய்துகொள்ளட்டும். கூடப் பிறந்தவர்களுக்குள் மரபணு ஏறக்குறைய 50 சதவீதம் ஒத்துப்போகும். உங்களுக்கும் சித்திக்கும் 25தான். இதே பரிசோதனையைச் செய்துகொண்ட மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் பொருத்தம் பார்ப்பார்கள். அந்த வயதில் சித்தியே பரிசோதனை செய்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பேத்தி யாராவது செய்திருக்கலாம். அந்தப் பேத்தியோடு அம்மாவுக்கு 12.5 சதவீதம், உங்களுக்கு ஆறு சொச்சம். தலைமுறை இறங்க இறங்கக் கரைந்துகொண்டே போகும் கணக்கு இது.

ஒன்று மட்டும் அம்மாவிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். சித்தியே கிடைத்து, பொருத்தம் 25 சதவீத அளவில் நின்றுவிட்டால், இருவருக்கும் அப்பாவோ அம்மாவோ வேறு என்று அர்த்தம். எழுபத்தாறு வயதில் அதைக் கேட்கத் தயாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் காகிதம். பல நாடுகளில் தத்து முடிந்ததும் பழைய பிறப்புப் பதிவை மூடி வைத்துவிட்டு, புதுப் பெற்றோர் பெயரில் வேறு சான்றிதழ் தருவார்கள். குழந்தையின் பெயர்கூட மாறிவிடும். பிறந்த தேதி பெரும்பாலும் மாறாது. அதனால் புதுப் பெயரைத் துரத்தாமல் தேதியைப் பிடியுங்கள்.

என் அத்தை ஒருவரையும் இப்படித்தான் கொடுத்துவிட்டிருந்தார்கள். எப்போது பிறந்தார் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள். கடைசியில் பெரியம்மாவின் பெட்டியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. பின்பக்கம் ஸ்டூடியோவின் தேதி முத்திரை. அதன் கீழே, அழியப் போகிற பென்சிலில், ‘11ஆம் நாள்’. விரல் விட்டு எண்ணிப் பிறந்த நாளைக் கண்டுபிடித்தேன். நான்கு வருஷத் தேடலில் உருப்படியான வேலை அதுதான். படங்களை ஆல்பத்திலிருந்து கழற்றிப் பின்னால் பாருங்கள்.

தத்து பற்றிய சர்வதேச ஒப்பந்தமான 1993 ஹேக் உடன்படிக்கையைக் காட்டிக் கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். குழந்தையின் பூர்வீக விவரங்களைப் பாதுகாக்கச் சொல்வது அதன் 30ஆம் பிரிவு. ஆனால் அது நாடு விட்டு நாடு போன தத்துக்கு மட்டும். உங்கள் சித்தி காலத்துக்கு உதவாது.

சரி, முகவரி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அத்தைக்கு நான் எழுதிய முதல் கடிதம் மூன்று பக்கம். அதை அவர் மகன் பிரித்துப் படித்துவிட்டார். தன் அம்மா தத்துப்பிள்ளை என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். ஒன்றரை வருஷம் அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நியாயம்தானே. இரண்டாவது கடிதம் நாலே வரி: குடும்ப வரலாறு தொகுக்கிறேன், இன்ன தேதியில் பிறந்த ஒருவரைப் பற்றி விசாரிக்கிறேன், விருப்பமிருந்தால் பேசலாம், இது என் எண். ‘தத்து’ என்ற சொல்லே அதில் இல்லை. அதற்குத்தான் அத்தை கூப்பிட்டார்.

நீங்களும் நாலு வரியோடு நிறுத்துங்கள். கை நடுக்கம் இல்லையென்றால் அம்மாவே எழுதட்டும்.