வீட்டில் எனக்கு மட்டும்தான் பக்தியா?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 52 வயது. மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். திருநெல்வேலிப் பக்கம், நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை. வெள்ளிக்கிழமை உபவாசம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் மாமிசம் கிடையாது. சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் கணக்குப் பார்த்தபோது காணிக்கையில் ஒரு ரூபாய் இடித்தாலும் கைக்காசைப் போட்டு நேர்செய்தவன் நான். ஆனால் தேர்தல் வந்ததும் எனக்கு எதிராகவே ஆள் நிறுத்தினார்கள். கணக்கெழுதத் தெரியாதவர்கள் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், ஆளுக்கொரு மனப்பாட வசனம், ஆளுக்கொரு ஜெபம். அரை மணி நேரம் தேவனுக்குக் கொடுக்க முடியாதா? மனைவிக்கு அப்போதுதான் தோசை மாவு ஞாபகம் வரும். ப்ளஸ் டூ படிக்கும் மகன் ‘இயேசு கண்ணீர் விட்டார்’ என்ற ஒரே வசனத்தை வாரம் முழுக்கச் சொல்லித் தப்பிக்கிறான். கண்டித்தால் அவனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாள் தாய். கல்லூரியில் படிக்கும் மகளை ஜெபிக்கச் சொன்னால் ஒப்பிக்கிற மாதிரி நாலு வரி சொல்லி ஆமென் போடுகிறாள். தனியாக அறையில் பைபிளோடு இருக்கும்போது நான் உள்ளே போனால் படக்கென்று மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்; அது கிடக்கட்டும். சபையில் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் எடுத்த பிள்ளை இப்படியா ஜெபிப்பது?

என் அப்பா காலத்தில் ஜெபத்தில் ஒருவரும் அசைய மாட்டோம். அவர் பார்வையே போதும். நான் அந்த அளவுக்குக் கண்டிப்புக்கூட இல்லை. இத்தனை வருடம் உண்மையாக நடந்தவனுக்குக் கர்த்தர் சபையிலும் வீட்டிலும் இதைத்தானா வைத்திருக்கிறார்? இவர்களை எப்படித் திருத்துவது?

ஒரு வாசகர்

அன்புச் சகோதரருக்கு,

தேர்தலும் தோசை மாவும் இருக்கட்டும். ‘அது கிடக்கட்டும்’ என்று ஒரு வரியைத் தள்ளிவிட்டுப் போனீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உங்கள் மகள், யாரும் கூப்பிடாமல், மணி பார்க்காமல், வேதத்தின்முன் உட்கார்ந்து அழுகிறாள். வீட்டில் தனக்கு மட்டும்தான் பக்தி என்று வருந்துகிறவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். பார்த்து, அதையும் குறையாக எழுதிவிட்டீர்கள்.

ஏன் மூடுகிறாள்? எந்த அதிகாரம், என்ன அழுகை, இதே ஜெபத்தை எட்டு மணிக்கு ஏன் செய்யவில்லை என்று விசாரணை வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

1 சாமுவேல் முதல் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். சீலோவில் அன்னாள் மனங்கசந்து அழுது ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியனான ஏலி அவள் வாயையே கவனித்துக்கொண்டிருந்து, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிக் கண்டிக்கிறான். ஆலயத்திலேயே காலம் கழித்தவனுக்கு, கண்ணெதிரே நடந்த மெய்யான ஜெபம் அடையாளம் தெரியவில்லை. ஆனால் அவள் விளக்கியதும் அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. என்ன கேட்டாய் என்றுகூட விசாரிக்காமல், கேட்டதைத் தேவன் தரட்டும் என்று ஆசீர்வதித்து, ‘சமாதானத்துடனே போ’ என்கிறான். உங்களால் முடியாத காரியம் இல்லை இது.

உங்கள் உபவாசமும் நேர்மையும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ரூபாய்க்குக் கைக்காசு போட்ட மனிதர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ‘இத்தனை வருடம் உண்மையாக நடந்தவனுக்கு’ என்று எழுதுகிறீர்களே, லூக்கா 15-இல், கெட்டுத் திரும்பிய தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததும் வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நின்ற மூத்த குமாரன் பேசியதும் அதேதான். அப்பாவின் பார்வைக்குப் பயந்து அசையாமல் இருந்த நாட்களில் நீங்கள் யாரை நினைத்து முழங்காலில் நின்றீர்கள்? உங்கள் மகள் உங்களுக்கு நாலு வரியைக் கொடுத்துவிட்டு, மீதியைத் தேவனிடம் கொண்டுபோகிறாள். விசுவாசத்தில் அவள் உங்களுக்குப் பின்னால் இல்லை.

அவள் அழுகைக்குக் காரணம் படிப்பாக இருக்கலாம், சிநேகமாக இருக்கலாம், பெரிய பயமாகவும் இருக்கலாம். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஜெப நேரத்தில் கிண்டவும் கூடாது. உங்கள் மகன் சொல்லும் வசனம் லாசரு இறந்த துக்கத்தில் வருவது. லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு இயேசுவும் அழுதார். முதலில் மனைவியிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அவரே மகளோடு பேசட்டும். தாங்க முடியாத துயரம் என்று தெரிந்தால் தாமதிக்காமல் நேரில் ஆலோசகரிடம் அழைத்துவாருங்கள்.

குடும்ப ஜெபத்தை நிறுத்த வேண்டாம். கொஞ்ச காலத்துக்கு ஒரு கீர்த்தனையும் ஒரு சங்கீதமும் போதும். வசனம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். பெயர் சொல்லி யாரையும் ஜெபிக்க அழைக்காதீர்கள். நீங்கள் ஜெபிக்கும்போது, ‘இந்தப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைத் தாரும்’ என்று அவர்கள் காதுபடச் சொல்வதை விட்டுவிடுங்கள். அது கண்டிப்புதான், கண்ணை மூடிக்கொண்டு செய்வதால் ஜெபமாகிவிடாது. தேர்தலில் பட்ட காயத்தை அந்த இடத்தில் உங்கள் வாயால் கர்த்தரிடம் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். மகள் அறைக்குப் போகவேண்டியிருந்தால் கதவைத் தட்டிவிட்டு, அவள் குரல் கொடுக்கும்வரை நில்லுங்கள்.