சிக்னலில் நின்றால் சூடேறும் பழைய கார்: கேள்வி பதில்

அண்ணா நகர்: சார், 2003 மாருதி 800. ஓடும்போது டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது. திருமங்கலம் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போது மாற்றாதீர்கள். நகர்ந்ததும் முள் இறங்கினால் தண்ணீர் சுற்றுகிறது, காற்றுதான் போதவில்லை என்று அர்த்தம். ஓடும்போது எதிர்க்காற்று போதும். நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் எண்பதில் போகும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இன்ஜினை ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல்) விட்டு, முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றவில்லையென்றால் முதலில் ஃப்யூஸையும், ஃபேனுக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் ரிலேயையும் பாருங்கள். அடுத்து ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த ஒயரில் நேரடியாக சப்ளை கொடுங்கள். குச்சியால் தட்டிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. நன்றாகச் சுற்றினால் மோட்டார் நல்லது; கோளாறு, சூடேறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்சிலோ ஒயரிங்கிலோ இருக்கிறது. இரண்டு ஒயர் சுவிட்ச் உள்ள வண்டியில் சாவியை ஆன் செய்து அந்த இரண்டையும் இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் சுவிட்சை மட்டும் மாற்றுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வுக்குப் போகும் சென்சார் ஒயரில் இதைச் செய்யக் கூடாது.

திருவான்மியூர்: என் சான்ட்ரோவில் ஃபேன் சுற்றுகிறது, சத்தமும் வருகிறது. ஆனாலும் சூடேறுகிறதே?

பதில்: சுற்றினால் மட்டும் போதாது, காற்றை இழுக்க வேண்டும். ஃபேன் ஓடும்போது முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கன்டென்சர் மேல் ஒரு ஏ4 தாளை வையுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். தாளை வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. சரியாக ஒட்டாமல் வழுக்கி விழுந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். ஃபேன் ஓடும்போதே பேட்டரியிலும் மோட்டார் கனெக்டரிலும் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து மோட்டாரில் 12.5-க்குக் கீழே காட்டினால் நடுவில் எங்கோ இணைப்பு சரியில்லாமல் வோல்ட் குறைகிறது. கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் எர்த் ஒயரை பாடியில் இறுக்கும் போல்ட்டில் பச்சைப் பாசி மாதிரி படிந்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

வோல்ட் சரியென்றால் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். நடுவிலோ தூசி, பஞ்சு, பூச்சி எல்லாம் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். பின்பக்கமிருந்து முன்னோக்கிக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் என்ற மெல்லிய தகடுகள் எல்லாம் மடங்கி, காற்று போகும் வழியே அடைந்துவிடும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் ஃபேன் பின்னாலுள்ள சூடான காற்றையே திரும்ப இழுக்கும்.

பெரம்பூர்: தெர்மோ சுவிட்சை விட்டுவிட்டு, சாவி போட்டதும் ஓடும்படி ஃபேனை டைரக்ட் பண்ணிவிடலாம் என்கிறாரே மெக்கானிக்?

பதில்: வீடு வந்து சேர வேண்டுமென்றால் சரி. நிரந்தரமாக வேண்டாம். ரிலே இல்லாமல் சாவி சுவிட்சிலிருந்தே கரண்ட் எடுத்தால் சுவிட்ச் உருகும். நாள் முழுக்க ஓடும் மோட்டாரும் சீக்கிரம் போய்விடும்.

வேளச்சேரி: தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார்கள். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இப்போது நின்றாலும் சூடு, ஓடினாலும் சூடு.

பதில்: இரண்டுமே தப்பு. தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறப்பது அந்த வால்வ்தான். சில இன்ஜின்களில் அதுவே, ரேடியேட்டரைத் தவிர்த்துத் திரும்பும் பைபாஸ் வழியையும் மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். புது வால்வை மாட்டுமுன் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, அதில் அச்சிட்ட டிகிரியில் (பெரும்பாலும் 82 அல்லது 88) திறக்கத் தொடங்குகிறதா பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு உள்ளே கல்லாகப் படியும். வாட்டர் பம்பின் தகட்டு இறக்கையையும் துரு தின்றுவிடும். ஃபிளஷ் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து ஐட்லிங்கில் விட்டு, குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள். வால்வ் திறந்த பிறகும் குமிழி விடாமல் வந்தாலோ, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலோ இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

அம்பத்தூர்: அம்பாசடருக்கும் இதே சோதனைதானா?

பதில்: அதில் ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது. பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. அதன் பிறகு இக்னிஷன் டைமிங்கை (பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை) பாருங்கள்; அது பின்தங்கினாலும் ஐட்லிங்கில் சூடேறும்.

கிண்டி: கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டு முள் ஏறினால் உடனே என்ன செய்வது?

பதில்: ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். நியூட்ரலில் 1500 ஆர்.பி.எம். அளவுக்கு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். முக்கால் மணி நேரமாவது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் சுற்றும். விரலை அருகில் கொண்டுபோக வேண்டாம்.