ஒரே தெருவை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து ஆவணப்படுத்த எந்த லென்ஸ் வாங்கலாம்?

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அதுவே போதும். "ப்ரைம் லென்ஸின் அருமை தெரியாதவர்" என்று யாராவது கிளம்பி வருவார்கள். ஜூம் இல்லாத, பெரும்பாலும் பின்னணியை நன்றாக மங்கவைக்கும் லென்ஸ் அது. பின்னணி மங்குவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மங்கிப்போன கடைப் பலகையை வைத்து எதை ஆவணப்படுத்துவது?

இந்த வேலையில் கஷ்டமே நிற்கும் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான். ஜிபிஎஸ் உதவாது, திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் இன்னும் மோசம். முதல் படத்தில் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரண்டு ஜோடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பக்கத்துத் தூணின் விளிம்பு தூரத்துக் கட்டடத்தின் எந்த ஜன்னலைத் தொடுகிறது என்பது போல. இரண்டும் ஒருசேரப் பொருந்தும் இடம் ஒன்றுதான் இருக்கும். அடுத்த முறை பழைய படத்தை அச்சிட்டு எடுத்துப் போங்கள், போன் திரை வெயிலில் தெரியாது. தூண் இடப்பக்கம் விலகித் தெரிந்தால் நீங்களும் இடப்பக்கம் நகர வேண்டும். மின்கம்பத்தை நம்பாதீர்கள், மாற்றிவிடுவார்கள். உபரியாக மூன்றாவது ஜோடி ஒன்றும் இருக்கட்டும்.

தரையிலிருந்து லென்ஸின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கேமராவை அண்ணாத்திப் பிடித்தால் சுவர்கள் உள்பக்கம் சாயும். மென்பொருளில் நிமிர்த்தினால் ஓரங்கள் வெட்டுப்படும். மட்டமாகப் பிடித்து, சாலை அதிகம் விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடுங்கள்.

ஏபிஎஸ்-சி சென்சாரில் (18-55 லென்ஸோடு வரும் கேமராக்களில் வழக்கமாக இருக்கும் அளவு) ஜூமை 24 மி.மீ.யிலும், லென்ஸ் துவாரத்தை எஃப் 8-லும், ஃபோகஸை 4 மீட்டரிலும் வைத்தால் சுமார் 2 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை துல்லியம். நடப்பவர்களை உறையவைக்க ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது வேண்டும். 1860களில் பாரிஸின் பழைய தெருக்களை, இடிக்கும் முன் சார்ல் மார்வில் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் எடுத்த படங்கள் வெறிச்சோடித் தெரிய ஒரு காரணம் நீண்ட எக்ஸ்போஷர், அதாவது ஒளி நெடுநேரம் விழ விடுவது. நடமாடுபவர்கள் பதிவாகவே மாட்டார்கள்.

மாதமும் மணியும் மாறக் கூடாது, நிழலுக்காக. மரம் இருந்தால் இலை உதிர்ந்த மாதம் நல்லது.

இதைச் சொல்லாமல் போக முடியவில்லை: தெருப் படம் என்றாலே கறுப்பு வெள்ளையாக்கும் வியாதி! சுவர்ப் பூச்சும் பலகை எழுத்தின் நிறமும் பாதித் தகவல். கறுப்பு வெள்ளை வேண்டுமானால் பிரதியில் செய்துகொள்ளுங்கள். சமூக வலைத்தளங்கள் பெரும்பாலும் படத்திலுள்ள தேதி விவரங்களையும் நீக்கிவிடும்; அங்கே ஏற்றியதைச் சேமிப்பாக நினைக்காதீர்கள். நின்ற இடம், பார்த்த திசை, தேதி, நேரம் நான்கையும் தனிக் கோப்பிலும் எழுதி வையுங்கள். கேமரா கடிகாரத்தை முதலில் சரிபாருங்கள். பேட்டரி நாள்கணக்கில் தீர்ந்து கிடந்தால் பல கேமராக்களில் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும்.