சுருக்கம் போக ரோலர் உருட்டினேன், மங்கு வந்துவிட்டதே டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 47. பள்ளி ஆசிரியை. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு 14 வருடமாக ஸ்கூட்டரில் போய் வருகிறேன். கண்ணோரத்தில் சுருக்கம் விழுந்துவிட்டது. தை மாதம் மூத்த மகளுக்குக் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து வந்த நாத்தனார் சிவப்பு வெளிச்சம் தரும் எல்இடி மாஸ்க் ஒன்று கொடுத்தார். நானே ஆன்லைனில் 0.5 மில்லிமீட்டர் ஊசி வைத்த டெர்மா ரோலரும், வைட்டமின் சி, ரெட்டினால் சீரங்களும் வாங்கினேன். வாரம் இரண்டு நாள் ரோலர் உருட்டி, உடனே சீரம் தடவினேன். முதலில் முகம் பளபளத்தது. ஒரு மாதத்தில் இரண்டு கன்னத்திலும் காபிப்பொடி நிறத்தில் திட்டு வந்துவிட்டது. மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு போட்டேன். நாலு நாளில் வெளுத்தது, நிறுத்தியதும் முன்பைவிடக் கறுத்தது. மஞ்சள் பூசுவதை விட்டதால்தான் இப்படி என்கிறார் மாமியார். என் தங்கையும் இதே ரோலரைத்தான் உருட்டுகிறாள். எதை விடுவது, எதைத் தொடர்வது?

பதில்: மகள் கல்யாணத்தில் முகம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை, அம்மா. நீங்கள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருப்பதால் என்னாலும் தெளிவாகச் சொல்ல முடிகிறது. ரோலரை இன்றே நிறுத்துங்கள். சீரங்களும் மாஸ்க்கும் கொஞ்ச நாள் அலமாரியில் இருக்கட்டும்.

நம் மாநிறத் தோலின் குணம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தோலில் வயது முதலில் சுருக்கமாகத் தெரியும். நமக்குப் பெரும்பாலும் திட்டாகவும் நிற வேறுபாடாகவும்தான் தெரியும். கொசு கடித்துச் சொறிந்த இடம்கூட மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கிறதல்லவா? தோல் எங்கே காயப்பட்டாலும், எரிந்தாலும், அங்கே மெலனின் என்ற கறுப்பு நிறமி கூடுதலாகச் சுரக்கிறது. ரோலரின் வேலையே நூற்றுக்கணக்கான குத்துக்காயங்களை உண்டாக்கி, ஆறும்போது தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதத்தை வளரச் செய்வதுதான். ஆறும் வரை வெயில் படக்கூடாது. நீங்களோ இரவு உருட்டிவிட்டு, காலையில் ஸ்கூட்டரில் கிளம்பியிருக்கிறீர்கள்.

அதோடு, குத்திய துளைகள் வழியாக அமிலத்தன்மையுள்ள வைட்டமின் சி உள்ளே போயிருக்கிறது. அது தோலின் மேல் பூசுவதற்காகச் செய்தது, உள்ளே இறக்க அல்ல. ஊசி உருட்டிய இடத்தில் இப்படிச் சீரம் பூசப்பட்ட பெண்கள் சிலருக்கு முகத்தில் சிறு கட்டிகள் வந்ததை 2014-ல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது.

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது தங்கையைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான். ஒரே ரோலரை இரண்டு பேர் பயன்படுத்துவது ஒரே ஊசியை இரண்டு பேர் போட்டுக்கொள்வதற்குச் சமம். கூடப்பிறந்தவளாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி எல்லாமே இரத்தம் வழியாகப் பரவக்கூடியவை. நியூ மெக்சிகோவில் ஓர் அழகு நிலையத்தில் முகத்தில் ஊசி சிகிச்சை எடுத்த பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2024-ல் வெளியிட்டது. உங்கள் இருவருக்கும் ஏதோ வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருவரும் இந்த மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலேயே செய்யலாம்.

மெடிக்கலில் கொடுத்த களிம்பின் ட்யூபில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டு. நாலு நாளில் வெளுத்து, விட்டதும் கறுத்தது என்றால் எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான். மங்கு என்ற இந்தப் பழுப்புத் திட்டுக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பை நாங்களே சில வாரங்களுக்கு மட்டும், கண்காணித்துக் கொடுப்பதுண்டு. தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, வெயில் பட்டாலே எரியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியைக் கடுமையாக்கியது. இருந்தும் கும்பகோணம், பாபநாசம் பக்கம் எத்தனையோ பெண்கள் இந்த ட்யூபைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எல்இடி மாஸ்க் விஷயம் வேறு. சிவப்பு ஒளிக்கும் அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளிக்கும் மெல்லிய சுருக்கங்களைக் கொஞ்சம் குறைக்கும் தன்மை உண்டு. வீட்டுக் கருவியின் சக்தி குறைவு, பலனும் குறைவு, மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும். ஒளியும் சூடும் மங்குத் திட்டைக் கிளறக்கூடியவை என்பதால் திட்டு முழுவதும் வெளிறும் வரை உங்களுக்கு வேண்டாம். நம் வயல்பகுதியில் எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் கொடுப்பது வழக்கம். அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் தோல் வெளிச்சத்தைத் தாங்காது. அப்போது யாரும் இந்த மாஸ்க் பக்கம் போகக்கூடாது.

வைட்டமின் சி பாட்டிலைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். டீ நிறத்துக்கு மாறியிருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம், கொட்டிவிடுங்கள். சூட்டில் அது சீக்கிரம் கெடும். அக்னி நட்சத்திர வெயிலில் பார்சல் வண்டியில் கிடந்து வந்த பாட்டில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் நல்ல பொருள்தான். அதன் வீரியமான உறவான ட்ரெட்டினாய்ன், வெயிலால் முதிர்ந்த தோலைச் சீராக்கும் என்பதை 1980-களில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் காட்டினார். இன்றுவரை சுருக்கத்துக்கு அதிக ஆதாரமுள்ள பூச்சு அந்தக் குடும்பம்தான். திட்டு ஆறியபின், இரவில் மட்டும், பட்டாணி அளவு, வாரம் இரண்டு நாளில் தொடங்கலாம். மூன்று மாதமாவது ஆகும் பலன் தெரிய. மகளுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு இது ஆகாது.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? அந்த 14 வருட ஸ்கூட்டர் பயணத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012-ல் மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தொங்கி, ஆழமாகச் சுருங்கியிருந்தது. வலது கன்னம் இளமையாகத் தெரிந்தது. அவருக்குக் கண்ணாடி வழியாக வந்த வெயில்தான். உங்களுக்கோ நேர் வெயில், வழியெல்லாம் நடவு வயலில் தேங்கிய தண்ணீரும் பளீரென்று எதிரொளிக்கிறது.

எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத, யுவிஏ என்ற புற ஊதாக் கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். தோல் நிறத்திலேயே வரும் வகை மங்குக்கு இன்னும் நல்லது, சாம்பல் பூசியதுபோலத் தெரியாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்தால் முகம், கழுத்துக்கு ஒருமுறைக்கான அளவு. பொட்டு வைப்பதுபோல் தொட்டுப் பூசினால் பயனில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, மாலை கிளம்பும் முன் ஒருமுறை திரும்பப் பூசுங்கள். முகம் மூடும் கண்ணாடி வைத்த ஹெல்மெட் போடுங்கள். இரவில் சாதாரண மாய்ஸ்சரைசர் போதும்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். மஞ்சளை விட்டதால் மங்கு வராது. ஆனால் தோல் எரியும் இந்த நேரத்தில் மஞ்சளும் வேண்டாம், பிளீச்சும் வேண்டாம், பார்லர் ஃபேஷியலும் வேண்டாம்.

தைக்குள் முழுவதும் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். வெயிலைத் தடுத்தால் நன்றாகவே வெளிறும், மிச்சத்தை மேக்கப் மறைத்துவிடும். கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மாதம் எந்தப் புதுப் பொருளையும் முகத்தில் வைக்காதீர்கள். அதற்குமுன் தோல் மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். மூட்டு வலியோ, வெயில் பட்டால் முகம் சிவந்து தடிப்பதோ இருந்தால் தள்ளிப்போடவே கூடாது, அது வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம். போகும்போது முகத்தில் எதுவும் பூசாமல், இதுவரை போட்ட எல்லா பாட்டிலையும் அந்தக் களிம்பு ட்யூபையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.