அது சோராப் இல்லை, இஸ்ஃபந்தியார்

வணக்கம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாரசீக ஓவிய அச்சில், சிறுத்தைத் தலைக் கவசம் போட்ட வீரரின் அம்பு எதிரியின் கண்களில் தைத்திருக்கிறது, இது பாரசீகக் காவிய வீரர் ருஸ்தம் தன் மகன் சோராபைக் கொல்லும் காட்சியா என்று கேட்டிருந்தீர்கள்.

ருஸ்தம் என்பது சரி. சிறுத்தைத் தலையும் புலித்தோல் அங்கியும் அவருடைய அடையாளங்கள். ஆனால் எதிரில் இருப்பது சோராப் இல்லை. அந்தச் சண்டை தரையில் மல்லுக்கட்டாக நடக்கும். மகன் மல்லாந்து கிடப்பான், நெஞ்சில் கத்தி இறங்கியிருக்கும்.

உங்களுடையது இளவரசன் இஸ்ஃபந்தியார். பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி 1010-இல் முடித்த ஷாநாமா காவியத்தில், இவன் உடலை எந்த ஆயுதமும் துளைக்காது, கண்களைத் தவிர. ருஸ்தமின் கைகளைக் கட்டி இழுத்து வரச்சொல்லி அனுப்பியவர் இவனுடைய தந்தை குஷ்தாஸ்ப். முதல் நாள் போரில் ருஸ்தமும் அவர் குதிரை ரக்ஷும் குற்றுயிராகிறார்கள். சீமுர்க் என்ற மாயப்பறவை காயங்களை ஆற்றி, 'கஸ்' என்ற உவர்நில மரத்தின் கிளையில் அம்பு செய்யச் சொல்லிக் கொடுக்கிறது.

படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அம்பின் முனை இரண்டாகப் பிரிந்திருக்கலாம். அப்புறம் இளவரசனின் கைகள்: வில் நழுவ, அவன் தன் கறுப்புக் குதிரையின் பிடரியைப் பற்றிக்கொள்வதாகக் காவியம் சொல்கிறது. எனக்கு நெஞ்சு கனத்துப்போகும் இடம் அதுதான். ருஸ்தமுக்கும் இந்த வெற்றியில் மகிழ்ச்சி இல்லை. இவனைக் கொல்பவன் நன்றாக வாழமாட்டான் என்று சீமுர்க் முன்பே எச்சரித்திருந்தது.