பூவும் வேண்டும், மழையும் கூடாது!

கேள்வி: நான், மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகன் மூவரும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டி 7 நாள் விடுப்பில் இமயமலையில் நடைப்பயணம் போக நினைக்கிறோம். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவா, இமாசலத்தின் கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவா என்று முடிவெடுக்க முடியவில்லை. பூக்களைப் பார்க்க வேண்டும், மழையில் மாட்டிக்கொள்ளக் கூடாது, கூட்டம் ஆகாது, காட்டுக்குள் 2 இரவாவது கூடாரத்தில் தங்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் மலைகளில் நிறைய நடந்திருக்கிறோம். இரண்டில் எது அழகு?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: எது அழகு என்பதை ஒதுக்கி வைத்துவிடுவோம், அதற்கு நான் என்ன சொன்னாலும் உங்களுக்குப் பயன்படாது. உங்கள் நிபந்தனைகளில் முதல் இரண்டுமே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. மலர்ப் பள்ளத்தாக்கு பூப்பதே மழையால்தான். ஜூன் 1 அன்று திறந்து அக்டோபர் 31 அன்று மூடப்படும் அந்தப் பூங்காவில், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரையிலான நனைந்த வாரங்களில்தான் சரிவுகள் நிறம் மாறுகின்றன. ஆளுயரம் வளர்ந்து இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் ஒரு செடியை அங்கே கூட்டம் கூட்டமாகப் பார்ப்பீர்கள். நம் வீட்டு வாசலில் வளரும் காசித்தும்பையின் இனம்தான் அது. முற்றிய காயில் விரல் பட்டால் அதே போலப் பட்டென வெடித்து விதையைத் தெறிக்கவிடும். தண்டெல்லாம் தண்ணீராக இருக்கும் அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மழை ஏன் பெய்கிறது என்று கேட்பது நியாயமில்லை.

அடுத்தது கூடாரமும் கூட்டமும். 87.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவுக்குள் இரவு தங்க எவருக்கும் அனுமதி கிடையாது. கீழே காங்காரியா என்ற சிற்றூரில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் ஏறிப்போய், மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். அந்தக் காங்காரியாவோ சீக்கியர்களின் ஹேம்குண்ட் சாகிபுக்குப் போகும் யாத்திரிகர்களின் தங்குமிடமும்கூட. ஆகவே வண்டிச்சாலை முடியும் புல்னாவிலிருந்து ஏறும் பாதையில் உங்களோடு முதியவர்களும் குழந்தைகளும் அவர்களைச் சுமந்துவரும் கோவேறு கழுதைகளும் நடப்பார்கள். கழுதை வரும்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைப் பக்கமாக ஒட்டி நிற்க மகனுக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். யாத்திரிகர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பாதை இவ்வளவு நல்ல நிலையில் இருப்பதே அவர்கள் நடப்பதால்தான். பூ பார்க்க வந்தவர் என்று தெரிந்தும் காங்காரியா குருத்வாராவில் யாரும் உங்களுக்குச் சோறு மறுக்க மாட்டார்கள். ஆனால் கூட்டம் ஆகாது என்பவருக்கு அது இடமல்ல.

நாள் கணக்கையும் நீங்கள் போட்டுப் பார்க்கவில்லை. ரிஷிகேஷிலிருந்து, காங்காரியாவுக்குப் போகும் வழியின் வாசலான கோவிந்த்காட் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். மலைச்சாலை என்பதால் ஒரு முழுப் பகல் அதிலேயே போய்விடும். மதுரையிலிருந்து ரிஷிகேஷ் சேர ஒரு நாள், கோவிந்த்காட்டுக்கு ஒரு நாள், காங்காரியாவுக்கு ஏற ஒரு நாள், பள்ளத்தாக்கில் ஒரு நாள், திரும்பி வர அதே 3 நாள் என்று எழுதிப் பாருங்கள்: உங்கள் 7 நாளும் தீர்ந்துவிடுகின்றன, பூக்களோடு இருந்தது ஒரே ஒரு நாள். அந்த நாளில் மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. இதில் மண்சரிவுக்கென்று ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. மழைக்காலத்தில் அந்தச் சாலையில் மண் சரிவதும், வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. 2013 ஜூன் வெள்ளத்தில் காங்காரியாவுக்கான நடைபாதையே பல இடங்களில் ஆற்றோடு போனது.

ஊட்டியில் நடந்த கால்களை நம்புங்கள், நுரையீரலை அப்படியே நம்பிவிடாதீர்கள். தென்னிந்தியாவில் எல்லாவற்றையும் விட உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். நீங்கள் படுத்து உறங்கப்போகும் காங்காரியாவே 3,000 மீட்டரைத் தாண்டிய இடம். ஹேம்குண்டுக்கும் ஏறினால் 4,000 மீட்டருக்கு மேல் போய்விடுவீர்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால், மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகலாமா என்று யோசிக்காமல் இறங்கிவிட வேண்டும். அப்படி இறங்குவதற்கும் கையில் ஒரு நாள் மிச்சம் இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் கிரேட் இமாலயன் பூங்காவுக்குப் போகலாமா என்றால், கூடாது. அங்கே மழை பெய்யும், ஆனால் அதற்கு ஈடாகப் பள்ளத்தாக்கு அளவுக்குப் பூ விரிப்பு உங்கள் பாதையில் கிடைக்காது. வழுக்கும் சரிவும் பெருகிய ஓடையும்தான் கிடைக்கும். 2023 ஜூலையில் குல்லு மாவட்டத்துச் சாலைகள் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதே இடத்துக்கு மழை ஓய்ந்த பிறகு, அக்டோபரில் போனால் கதை வேறு. சண்டிகரிலிருந்து மணாலிச் சாலையில் போய், ஔட் என்ற இடத்தில் பிரிந்து, பஞ்சார் வழியாகக் குஷைனி சேர ஒரு பகல் போதும். அங்கிருந்து தீர்த்தன் ஆற்றை ஒட்டியே நடந்து ரோலா முகாமில் முதல் இரவு. ஆற்றிரைச்சல் விடிய விடியக் கேட்கும். அடுத்த நாள் செங்குத்தாக ஏறினால் 3,000 மீட்டரை ஒட்டிய ஷில்ட். கூடாரம், தனிமை, தெளிந்த வானம் எல்லாம் உண்டு. பூ மட்டும் கிடையாது. ஜுஜுராணா என்று உள்ளூரார் அழைக்கும் அரிய காட்டுக்கோழி இனம் அந்தக் காட்டில் வாழ்கிறது என்றாலும், பார்த்தே தீருவேன் என்று போனால் ஏமாறுவீர்கள்.

அனுமதிச் சீட்டு வாங்கி, உள்ளூர் வழிகாட்டியையும் அமர்த்திக்கொள்ளுங்கள். அதில் பேரம் பேச வேண்டாம். 1999இல் அந்தக் காடு முறைப்படி தேசியப் பூங்காவானபோது, ஆடு மேய்ப்பதும் மூலிகை எடுப்பதும் சுற்றுக் கிராமத்தாருக்கு மூடப்பட்டன. இன்று உங்கள் மூட்டையைத் தூக்குகிறவரின் தகப்பனார் அதே சரிவில் ஆடு ஓட்டியவராக இருக்கக்கூடும்.

ஆகவே என் முடிவு: ஆகஸ்ட் பயணத்தைக் கைவிட்டு, மகனின் காலாண்டுத் தேர்வு விடுமுறையோடு சில நாள் சேர்த்து, கிரேட் இமாலயனுக்குப் போங்கள். உங்கள் நிபந்தனைகளில் பூவைத் தவிர மற்றவை நிறைவேறும், 7 நாளும் போதும். பூவைத்தான் விட முடியாது என்று வீட்டில் தீர்ப்பானால், அடுத்த ஆண்டு ஜூலைக் கடைசியில் 10 நாள் விடுப்புக்கு இப்போதே எழுதிக்கொடுத்துவிட்டு, கூடாரத்தை மதுரையிலேயே வைத்துவிட்டு, நல்ல மழைக்கோட்டாக 3 வாங்குங்கள்.