சிக்ஸ்த் ஃபார்ம் வருகை, முயற்சி, ஒழுங்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இங்கிலாந்துப் பள்ளிகளில் 16 வயதுக்குப் பின் வரும் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டுப் படிப்பே சிக்ஸ்த் ஃபார்ம். இலையுதிர் பருவத்தின் முதல் அறிக்கை வீட்டுக்கு வந்த வாரத்தில் எழுதப்பட்ட கடிதங்களே இம்முறை மிகுதி.

மகன் பன்னிரண்டாம் ஆண்டில் இருக்கிறான். அவன் பள்ளிக்குப் போகாவிட்டால் எங்களுக்கு அபராதம் வருமா? (ஈஸ்ட் ஹாம்)

வராது. இங்கிலாந்தில் 80 பவுண்டில் தொடங்கும் அந்த அபராதம் கட்டாயப் பள்ளி வயதினருக்கு மட்டுமே உரியது. பிள்ளைக்கு 16 வயதாகும் கல்வியாண்டில், ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு அந்த வயது முடிந்துவிடுகிறது. ஆனால் அவன் படிப்பையே விட்டுவிட்டால், பிள்ளைக்காக அரசு பெற்றோருக்குத் தரும் சைல்ட் பெனிஃபிட் தொகை பாதிக்கப்படும். அதை உரிய இடத்தில் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு.

மகளின் வருகை 93 சதவீதம். வேதியியல் ஆசிரியர் மட்டும் குறை சொல்கிறார். 93 நல்ல எண்தானே? (ஹாரோ)

எந்த வகுப்புகளைத் தவறவிட்டாள், அவை எந்தக் கிழமையில் வந்தன, யார் நடத்தியவை என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. இந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதியடைவதை நான் ஆண்டுக்கணக்கில் கண்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. மூன்று பாடங்கள், பாடத்துக்கு வாரம் ஐந்து வகுப்புகள், ஆக 15 என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை கடைசி வேதியியல் வகுப்பை மட்டும் வாரந்தோறும் விட்டால் மொத்த வருகை 93 சதவீதம்தான், ஆனால் வேதியியலில் அது 80. பல பள்ளிகளில் ஒரு பாடத்தை இரண்டு ஆசிரியர்கள் பங்கிட்டு நடத்துகிறார்கள். அந்த வகுப்பு வாரத்துக்கு இரண்டே வகுப்புகள் எடுப்பவருடையது என்றால், அவர் நடத்தும் பகுதியில் பாதியை உங்கள் மகள் கேட்கவே இல்லை. அது செய்முறை வகுப்பாகவும் இருந்துவிட்டால் இழப்பு இன்னும் பெரிது. சிக்ஸ்த் ஃபார்ம் முடிவில் எழுதும் ஏ லெவல் தேர்வில், வேதியியலுக்குக் குறைந்தது 12 செய்முறைகளுக்கான தேர்ச்சி எழுத்துத் தேர்வின் தரத்தோடு சேராமல் தனியாகக் குறிக்கப்படுகிறது; அதை நிபந்தனையாகக் கேட்கும் பல்கலைக்கழகப் படிப்புகள் உண்டு.

மேலும், சட்டப்படியான வருகைப் பதிவேடு காலையும் பிற்பகலுமாக நாளுக்கு இரண்டு முறை எடுக்கப்படுவது. காலையில் பெயரைப் பதிந்துவிட்டு மூன்றாவது வகுப்புக்குப் போகாமல் கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அதில் முழு வருகைதான் இருக்கும். ஆகவே வகுப்புப் பொறுப்பாசிரியரான ஃபார்ம் டியூட்டரிடம் பாடவாரியான வகுப்புப் பதிவை எழுத்தில் கேட்டு வாங்கி, ஆறு வாரத்துப் பதிவை மேசையில் விரித்து, மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். முன்பு நான் கவனித்த ஒரு மாணவி சோதனைத் தேர்வு நாள் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. திருத்திய தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாட்களில் மட்டும் அவள் பெயருக்கு நேரே வெற்றிடம் இருந்தது. அவளுடைய சதவீதமும் 90க்கு மேல்தான். அவள் எதற்கு அஞ்சுகிறாள் என்பதை அந்த எண் யாருக்கும் சொல்லவில்லை, அந்த வெற்றிடங்கள் சொல்லின.

அறிக்கையில் தேர்ச்சிக்கு ஏ, முயற்சிக்கு 3 என்று இருக்கிறது. எதை நம்புவது? (மில்டன் கீன்ஸ்)

உங்கள் பள்ளியில் 1 உயர்ந்ததா 4 உயர்ந்ததா என்று எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். இது பள்ளிக்குப் பள்ளி மாறும். விளக்கம் பெரும்பாலும் அந்த அறிக்கையிலேயே இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். 3 குறைவான மதிப்பீடு என்றால் இரண்டையும் நம்புங்கள். முதல் பருவத்தில், 16 வயதில் எழுதிய ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வு அறிவின் பலத்திலேயே ஏ வாங்கிவிடலாம், ஈஸ்டருக்குப் பிறகு அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். வீட்டுப்பாடத்தின் தரம், குறிப்பேடு, வகுப்பில்லாத நேரத்தைச் செலவிடும் விதம் ஆகியவற்றைப் பார்த்துத் தரப்படுவதுதான் முயற்சி மதிப்பீடு. பிள்ளை எந்தத் திசையில் போகிறது என்பதை அது தேர்ச்சித் தரத்துக்கு முன்பே காட்டிவிடுகிறது.

டியூஷன் வகுப்பில் மாதிரித் தேர்வு. அன்று பள்ளிக்கு "உடல்நலமில்லை" என்று சொல்லலாமா? (டூட்டிங்)

கூடாது. பொய்க் காரணத்தைப் பெற்றோரே சொல்லப் பழகிவிட்டால், பிள்ளை உண்மையாகவே நோயுறும் நாளில் அதே பள்ளி உங்கள் சொல்லை நம்பத் தயங்கும்.

பன்னிரண்டாம் ஆண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைவு என்பதால் பதின்மூன்றாம் ஆண்டில் இடமில்லை என்று பள்ளி வாய்மொழியாகச் சொல்கிறது. (குரோய்டன்)

அரசு நிதியில் இயங்கும் பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்மில் ஒருமுறை சேர்த்துக்கொண்ட மாணவரை மதிப்பெண்ணைக் காரணம் காட்டி வெளியேற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. ஒழுங்குக் காரணத்துக்காக மட்டுமே, அதுவும் முறையான நடைமுறைப்படியே வெளியேற்ற முடியும். 2017இல் லண்டனில், நுழைவுத் தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் ஒரு கிராமர் பள்ளி இவ்வாறு செய்து, பெற்றோர் வழக்குத் தொடுத்த பின் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. தனி சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகளுக்கு விதிகள் வேறு. உங்களுடையது எது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பள்ளி சொன்னதை எழுத்தில் கேளுங்கள். அவ்வாறு கேட்டதுமே பல "முடிவுகள்" வெறும் "ஆலோசனை"யாக மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

வருகை குறைந்ததால் மகனின் பர்சரி (படிப்பு உதவி) தொகையை நிறுத்திவிட்டார்கள். இது முறையா? (லூட்டன்)

வருகை, நடத்தை ஆகியவற்றோடு அந்தத் தொகையை இணைக்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. மருத்துவக் காரணங்களை நீக்கிக் கணக்கிட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு நாள் இடைநீக்கம் செய்துவிட்டார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் அது வருமா? (லெஸ்டர்)

அதைக் கேட்கும் கட்டம் விண்ணப்பத்தில் இல்லை. பரிந்துரைக் குறிப்பை எழுதப்போவது பள்ளி. அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, அவற்றை உங்கள் மகன் நன்றாகப் பயன்படுத்தட்டும்.

எனக்கு 17 வயது. காலையில் பாட்டிக்கு மருந்தும் உணவும் கொடுத்துவிட்டு வருவதால் தினமும் தாமதமாகிறது. ஆசிரியரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (லூயிஷாம்)

தம்பி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிவேடு மூடிய பின் வந்தால் காரணமற்ற விடுப்பாகவே அது பதியப்படும். உன் பொறுப்புணர்வு அங்கே சோம்பலாக எழுதப்படுகிறது. ஃபார்ம் டியூட்டரிடம் நாளையே சொல், பேசத் தயங்கினால் நான்கு வரி மின்னஞ்சல் போதும். 18 வயதுக்குட்பட்ட பராமரிப்பாளரின் தேவைகளை உள்ளூராட்சி மன்றம் மதிப்பிட வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டுப் பெற வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரையும் சேர்த்துக்கொள். உன் நிலைமையைப் பள்ளி அறிந்தால் யூகாஸ் பரிந்துரையிலும் அதைக் குறிப்பிட இடம் உண்டு.

வகுப்பு நேரத்தில் கார் ஓட்டும் பயிற்சிக்குப் போகலாமா? (ஹௌன்ஸ்லோ)

வேண்டாம். சனிக்கிழமை போங்கள்.